சென்னை–பலாலி: வான்வழித் தூரமும் பயண நேரமும்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். பூமி உருண்டை என்பதால், பொதுவாக இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தை வளைகோட்டுக் கணக்கில்தான் காண வேண்டும். இந்த வழித்தடத்தில் அந்தச் சிரமம் இல்லை. இரண்டு நிலையங்களும் 80 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி, கிட்டத்தட்ட நேர் வடக்கு தெற்காக அமைந்திருக்கின்றன. சென்னையின் அட்சரேகை 13 பாகை, பலாலியுடையது 9.8. வித்தியாசம் 3.2 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 355 வந்துவிடும். விமானிகளின் கணக்கில் இது 192 கடல் மைல்.

இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 ரக விமானம். பலாலியின் ஓடுபாதை நீளம் குறைந்தது; அதில் இறங்கி ஏற இந்தச் சுழல்விசிறி விமானம் பொருத்தமானது. உயரே சென்றபின் அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அப்படியானால் 43 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். ஆனால் அட்டவணையோ ஒன்றேகால் மணிக்குக் குறையாமல் காட்டுகிறது.

அட்டவணை நேரம் என்பது பறக்கும் நேரம் மட்டுமன்று. புறப்படும் இடத்தில் விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, சேருமிடத்தில் வந்து நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை உள்ள முழு நேரம் அது. சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் அதன் முனை வரை ஊர்ந்து, முறைக்குக் காத்திருந்து, மேலெழும்பிய பிறகுதான் தெற்கே திரும்ப முடியும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடைப்பதில்லை. காற்றும் கணக்கில் சேரும்: மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால் அந்த 43 நிமிடம் 47 ஆகும், அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 39 ஆகும்.

தரையில் கழியும் நேரம் தூரத்தோடு சேர்ந்து குறைவதில்லை. திருச்சியிலிருந்து பலாலி சுமார் 185 கிலோமீட்டர்தான், சென்னைத் தடத்தில் பாதியளவு. 2025 மார்ச்சில் அங்கிருந்து சேவை தொடங்கியபோதும் பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. ஜெட் விமானத்தை விட்டாலும் பெரிய லாபம் கிடைக்காது; சென்னைத் தடத்தில் மிச்சமாவது கால் மணி நேரம் இருக்கலாம்.

இவ்வழி புதியதன்று. ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10 அன்று தன் முதல் சேவையை ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்குத்தான் நடத்தியது. உள்நாட்டுப் போரில் துண்டிக்கப்பட்ட இத்தொடர்பு 2019இல் மீண்டது. கொரோனாவால் மறுபடி நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. இத்தடம் இல்லாத ஆண்டுகளில் யாழ்ப்பாணம் செல்பவர் முதலில் சுமார் 650 கிலோமீட்டர் தெற்கே கட்டுநாயக்காவுக்குப் பறந்து, பிறகு தரைவழியே ஏழெட்டு மணி நேரம் வடக்கே திரும்பி வர வேண்டியிருந்தது. ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும் இந்தச் சிறு தடம் இனி ஒருபோதும் நின்றுவிடக் கூடாது.

பயணத்தைத் திட்டமிடுபவர்கள் குடியகல்வு, சுங்கச் சோதனைகளுக்கான நேரத்தையும், பலாலியிலிருந்து யாழ் நகருக்கு அரை மணிச் சாலைப் பயணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரம் ஒன்றே என்பதால் கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.