கிளைகளை வெட்டப் பழகுதல்

வாசகரையே நாயகனாக்கி, கதவைத் திறப்பதானால் இந்தப் பக்கத்துக்குப் போ, வந்த வழியே திரும்புவதானால் அந்தப் பக்கத்துக்குப் போ என்று ஓடவிடும் சிறுவர் நூல் வரிசை ஒன்று 1979இல் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் நூல் எட்வர்ட் பேக்கர்ட் எழுதிய ‘தி கேவ் ஆஃப் டைம்’. அட்டையிலேயே 40 முடிவுகள் என்று விளம்பரம். இன்று கணினியில் விளையாட்டுக்கதை எழுதப் பழகுகிறவர்களையும் இந்த எண்ணிக்கைதான் மயக்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மயக்கம் தெளியும். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே வழி, அப்படிப் பத்துக் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். முடிவுகள் மட்டுமே 1,024 ஆகிவிடும். எழுத வேண்டிய துண்டுகள் மொத்தம் 2,047. ஒரு முறை படிக்கும் வாசகர் கண்ணில் படுவதோ 11 துண்டுகள். எழுதுகிறவர் என்ன செய்வார்? துண்டுக்கு நாலு வரி எழுதிவிட்டு, பாதி வழிகளில் ஆளைக் குழியில் தள்ளிக் கொன்றுவிடுவார். அந்தக் காலச் சிறுவர் நூல்களில் திடீர்ச் சாவுகள் மலிந்திருந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆகவே முதலில் பழக வேண்டியது பிரிந்த வழிகளை மீண்டும் ஒன்றுசேர்ப்பது. நடந்ததைக் கதைக்குள் நினைவில் வைப்பது. கிறிஸ் கிளைமஸ் 2009இல் வெளியிட்ட ‘ட்வைன்’ என்ற இலவச மென்பொருள் இதற்கு ஏற்றது. ஒரு பெட்டியில் எழுதிக்கொண்டே போய், இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு பெயரைத் தட்டினால் அந்தப் பெயரில் அடுத்த பெட்டி தானே முளைக்கும். நினைவுக்கு ஒரு வரிக் கட்டளை போதும். உதாரணத்துக்கு ஒரு கதை: பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதம் நம் வீட்டில் விழுந்துவிடுகிறது. பிரிப்பதா, அப்படியே கொடுப்பதா? எதைச் செய்தாலும் மாலையில் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டத்தான் போகிறார். ஆனால் பிரித்தவருக்கு அவர் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் குத்தும், பிரிக்காதவருக்கு அது வெறும் குசலம். காட்சி ஒன்றுதான், நாலைந்து வரிகள் மட்டும் மாறுகின்றன.

எங்கே போனாலும் ஒரே இடத்துக்கு வரவைப்பது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2012இல் வந்த ‘தி வாக்கிங் டெட்’ விளையாட்டு மீது இதே குற்றச்சாட்டு எழுந்தது: என்ன தேர்ந்தெடுத்தாலும் பெரிய திருப்பங்கள் மாறுவதில்லை. உண்மைதான். ஆனால் நாம் சொன்னதை அதில் கூடவே வரும் சிறுமி மறக்க மாட்டாள் என்று திரையில் ஒரு வரி ஓடும்போது ஆடுகிறவர் கூசிப்போகிறார். நடப்பது மாறாவிட்டாலும், நடந்ததில் தன் பங்கு என்ன என்பது மாறுகிறது. ஜூல் வெர்ன் நாவலைத் தழுவி 2014இல் வந்த ‘80 டேஸ்’ விளையாட்டும் லண்டனில் தொடங்கி லண்டனுக்கே திரும்பப் பார்க்கும் பயணம்தான். இடையில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள். எந்த ஊர் வழியாக, யாரிடம் என்ன பேசி, எதை விற்று வந்தோம் என்பதுதான் அங்கே கதை. 2013இல் வந்த ‘டிப்ரெஷன் குவெஸ்ட்’ இன்னும் துணிந்தது. மனச்சோர்வில் இருப்பவரின் நாள்களைச் சொல்லும் அதில், செய்ய வேண்டியது கண்ணெதிரே தெரியும். அதன்மேல் ஒரு கோடு கிழித்திருக்கும், தட்ட முடியாது. தேர்வைப் பறித்ததே அங்கே கதை சொல்லும் முறையாகிவிட்டது. ஏமாற்று என்றால் வேறொன்றைத்தான் சொல்வேன்: இது பெரிய முடிவு என்று பில்டப் கொடுத்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே அதைக் கதை மறந்துவிடுவது.

நிரல் எழுதத் தெரியாதே என்பது இன்னொரு தயக்கம். அது பெரிய தடையே இல்லை. ட்வைன் கடைசியில் தருவது உலாவியில் திறக்கும் ஒரே ஒரு கோப்பு. யூனிகோடில் தட்டினால் தமிழும் அதில் ஓடும். கஷ்டமான வேலை வேறு. எந்த இரண்டு வழிகளுக்கிடையே மனிதர் உண்மையிலேயே தடுமாறுவார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டால், பின்னால் என்ன இருக்கிறது என்று அறியாதவர் காசு சுண்டிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார். எழுதியதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பதுதான் இதற்குச் சோதனை. அவர் யோசிக்காமல் சட்டென்று தட்டும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்தக் கேள்விகளை மாற்றி எழுத வேண்டும், இல்லையேல் அடித்துவிட வேண்டும்.