இரண்டு பிள்ளைகள், ஒரே பிறந்த நாள் விழா!

பெண்களுக்கான இந்தப் பகுதியை வாராவாரம் விடாமல் படிப்பவள் நான். பத்தாவது வரைதான் படிப்பு, எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும், இரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரே நாளில் பிறந்த நாள் வைத்துவிடலாம் என்று நினைக்கும் சகோதரிகளுக்கு என் அனுபவம் உதவுமே என்று எழுதுகிறேன்.

எங்களுக்குக் கோவை, சுந்தராபுரம். வீட்டுக்காரர் குறிச்சி சிட்கோ பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். மூத்தவள் பெண், சின்னவன் பையன். இருவருக்கும் எட்டு வயது வித்தியாசம். ஆனால் பிறந்த தேதி மட்டும் பக்கத்துப் பக்கத்தில்! அவளுக்கு ஆகஸ்ட் 24, இவனுக்கு செப்டம்பர் 2.

2024-ல் பட்டறையில் ஆர்டர் குறைந்து, ஓவர்டைம் நின்றுபோனது. ஒன்பது நாளில் இரண்டு விழா எதற்கு என்று, செப்டம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை ஒரே விழாவாக வைத்தோம். மகளுடைய தேதி அன்று, "அடுத்த வாரம் தம்பியோட சேர்த்துக் கொண்டாடலாம் கண்ணு" என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் கொடுக்க ஒரு பாக்கெட் சாக்லேட்டோடு முடித்துவிட்டேன். அவளும் சரி என்று தலையாட்டினாள்.

விழாவுக்கு வந்தது கார் மாதிரி செய்த கேக். சின்னவன் பெயரைப் பெரிதாக எழுதியதில் இடம் போதாமல், மூத்தவள் பெயர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. மெழுகுவர்த்தி வாங்கும்போது '4' மட்டும் வாங்கி வந்திருக்கிறேன். 12-க்கு இரண்டு எண் வேண்டுமே என்று கடையில் எனக்குத் தோன்றவே இல்லை. வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் பொடிசுகள். ஆரத்தி எடுக்கும்போது, "பையனுக்கு மொதல்ல சுத்து" என்றார் அத்தை. நானும் சுற்றினேன்.

எல்லோரும் போன பிறகு, மகள் என்னோடு நின்று டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள். "ஏம்மா, என்ற பொறந்த நாளையும் தம்பிக்கே குடுத்துட்டீங்களா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செலவைப் பார்த்துத்தான் செய்தோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெயர் ஓரத்துக்குப் போனதற்கும், ஒரு மெழுகுவர்த்தி மறந்ததற்கும் செலவா காரணம்?

கிணத்துக்கடவில் இருக்கும் என் அம்மாவிடம் இதைச் சொல்லி அழுதேன். அம்மா சிரித்துக்கொண்டே, "ஏங்கண்ணு, கேக்கை வேணா ஒண்ணா வெட்டிக்க. நட்சத்திரம் ஆளுக்கு ஒண்ணுதான? அதை எதுக்கு ஒண்ணாச் சேக்கறே?" என்றார்.

எங்கள் சின்ன வயதில் தேதியே தெரியாது. தமிழ் மாதமும் நட்சத்திரமும்தான் பிறந்த நாள். தலைக்குக் குளிக்க வைத்து, பாசிப்பருப்புப் பாயசம் வைத்து, கோவிலுக்குக் கூட்டிப் போவார்கள். அன்றைக்கு வீட்டில் யாரும் அந்தப் பிள்ளையைத் திட்டக்கூடாது! இங்கிலீஷ் தேதி வந்ததும் நானே அதை விட்டுவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சந்திரன் 27 நட்சத்திரத்தையும் சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். தமிழ் மாதம் எப்போதும் அதைவிட நீளம். அதனால் நட்சத்திரப் பிறந்த நாள் வருஷா வருஷம் வேறு தேதியில் வரும். சில மாதத்தில் ஒரே நட்சத்திரம் இரண்டு தடவையும் வந்துவிடும்; அப்போது இரண்டாவதை எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் வழக்கம். தினசரி காலண்டர் தாளிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மகளுக்கு ஆவணி அனுஷம், மகனுக்கு ஆவணி சதயம். 2025-ல் காலண்டரைப் புரட்டினால் அனுஷம் ஆகஸ்ட் 30 சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் தொடங்கி ஞாயிறு சாயங்காலம் வரை இருந்தது. சதயம் செப்டம்பர் 7, அதுவும் ஞாயிறு. விழாவை இரண்டுக்கும் நடுவில், மீலாது நபி விடுமுறையான செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமைக்கு வைத்தோம்.

31-ந் தேதி காலையில் மகளை மட்டும் ஈச்சனாரி விநாயகர் கோவிலுக்குக் கூட்டிப் போனேன். சின்னவனை அவன் அப்பா பார்த்துக்கொண்டார். எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த கோவில்தான். பேரூர் பட்டீஸ்வரர் கோவிலில் வைப்பதற்காக மதுரையிலிருந்து கொண்டுவந்தபோது, வண்டி அச்சு முறிந்து இங்கேயே தங்கிவிட்ட பிள்ளையார் என்பார்கள். ஆறடி உயரம். இங்கே ஒரு விசேஷம், 27 நட்சத்திரத்துக்கும் தனித்தனி அலங்காரம். அன்றைய நட்சத்திரத்துக்கு உண்டான அலங்காரம்தான் அன்றைக்கு. "அப்ப இன்னைக்கு இது எனக்காகவாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். அனுஷத்தில் பிறந்த மற்றவர்கள் மன்னிக்கவும்! வரும் வழியில் இருவரும் ரோஸ்ட் சாப்பிட்டோம். அவளோடு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

இனி விழா. ஒரு கிலோ கேக்குக்குப் பதில் அரைக் கிலோவில் இரண்டு. கொஞ்சம் கூடுதல் செலவு. அதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. '5' ஒன்று, '1', '3' என மூன்று மெழுகுவர்த்திகளையும் முந்தின நாளே எண்ணி வைத்தேன். பொடிசுகளை நாலு மணிக்கு வரச் சொன்னோம். அவர்களுக்கு பலூன், கயிற்றில் தொங்கவிட்ட முறுக்கைக் கை படாமல் கடிப்பது. மகளின் தோழிகள் ஐந்தரைக்கு வந்தார்கள். இரு கூட்டமும் சேர்ந்து இருந்தது அரை மணி நேரம், கேக் வெட்ட மட்டும். அப்புறம் பொடிசுகளை அவரவர் அம்மாவோடு அனுப்பிவிட்டோம். பெரிய பிள்ளைகள் ஏழரை வரை பாட்டும் சிரிப்பும். நாங்கள் அந்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 13 வயதில் அதுவும் ஒரு பரிசுதானே!

போன வருஷம் சமோசா, சிப்ஸ் என்று கடையில் வாங்கியே பணம் கரைந்தது. இந்த முறை எங்கள் ஊர் சந்தகை. இரண்டு கிலோ புழுங்கல் அரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் கை ஒடிந்துவிடும். ஒரு ஈடு வேகும்போதே தோழிகள் வந்து, "ஆன்ட்டி நாங்க சுத்தறோம்" என்று வரிசை கட்டி நின்றார்கள். நான் யோசித்து வைத்திருந்த விளையாட்டு ஒன்றுக்கும் வேலையில்லாமல் போனது. பொடிசுகளுக்குத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் ஊற்றி, பெரியவர்களுக்கு எலுமிச்சை தாளித்து. மொத்தச் செலவு போன வருஷத்தைவிடக் குறைவுதான்.

ஒரு கலாட்டாவும் நடந்தது. முதலில் மூத்தவள் கேக். அவள் ஊதுவதற்குள் சின்னவன் முந்திக்கொண்டு ஊதி இரண்டையும் அணைத்துவிட்டான்! எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மகள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். தீப்பெட்டியை வாங்கித் தானே மறுபடி ஏற்றினாள். "இப்ப நான். அப்பறம் உன்றது" என்றாள். அவன் அத்தையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். ஆரத்தித் தட்டை அத்தையே வாங்கி, இந்த முறை பேத்திக்கு முதலில் சுற்றினார்.

சின்னவனுடைய சதயத்தன்று பௌர்ணமி. ராத்திரி பத்து மணி வாக்கில் சந்திர கிரகணம் வேறு. "அவன் நட்சத்திரத்துலயே புடிக்குதே" என்று அத்தைக்கு ஒரே கவலை. சாயங்காலம் நடை சாத்திவிட்டால் என்ன செய்வது என்று, காலையிலேயே அப்பாவும் மகனும் ஈச்சனாரி போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்கள்.

இதையெல்லாம் கேட்ட என் நங்கை, "எனக்குப் பொறந்தது ரெட்டைப் பிள்ளைங்க. தேதியும் ஒண்ணு, நட்சத்திரமும் ஒண்ணு. நான் என்ன பண்றது?" என்கிறார். இரட்டைக் குழந்தைகளை வளர்க்கும் சகோதரிகள் யாராவது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்களேன். அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

- ஒரு வாசகி, சுந்தராபுரம், கோவை.