பல்லோரத்துக் குடித்தனம்

சேலம் அம்மாபேட்டையில் சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டதும் கடைவாய்ப் பல்லை நாக்கால் தடவிப் பாருங்கள். இடுக்கில் மாவு அப்பியிருக்கும். அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் பல்லோரத்தில் ஏற்கெனவே குடியிருக்கின்றன. சொத்தை இல்லாத, ஈறு கெட்டியான வாயிலும் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும்.

இவற்றை முதலில் கண்டவர் ஒரு ஜவுளி வியாபாரி, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக். துணியின் இழையைச் சோதிக்க அந்தக் கால ஜவுளிக்காரர்கள் லென்ஸ் வைத்திருந்தார்கள். அதைவிடப் பல மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை அவர் தன் கையாலேயே செய்தார். தினமும் காலையில் உப்பால் பல் தேய்த்தும் இடுக்கில் தங்கிய வெள்ளைப் படிவை அதில் வைத்துப் பார்த்து, உள்ளே உயிர்கள் ஓடுவதை 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தறியோடு வாழும் அம்மாபேட்டைக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

மனித வாய்களில் இதுவரை சுமார் 700 பாக்டீரியா வகைகள் அறியப்பட்டுள்ளன. பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே எச்சிலின் புரதங்கள் எனாமல்மேல் மெல்லிய ஏடாகப் படியும். அதைப் பற்றிக்கொண்டு முதலில் குடியேறுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கூட்டம். பிறகு மற்றவை வரும். நீண்ட கோரினிபாக்டீரியம் இழைகள் பாவுநூல் போல நிற்க, அவற்றின் ஓரங்களில் ஆக்சிஜன் வேண்டியவையும் உள்ளே அது ஆகாதவையும் இடம் பிடிக்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் விடும் லாக்டிக் அமிலம் வெய்லோனெல்லாவுக்குச் சாப்பாடு. சாங்குவினிஸ் என்ற வகை ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரந்து, சொத்தை உண்டாக்கும் மியூட்டன்ஸை அடக்கி வைக்கிறது. கீரையின் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித் தருபவையும் உண்டு. அதிலிருந்து உடம்பு ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைச் செய்துகொள்கிறது.

அப்படியானால் துலக்காமலே விடலாமா? கூடாது. இந்தப் பாக்டீரியாப் படலம் நாள்கணக்கில் தடித்தால் அதன் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஈற்றைப் புண்ணாக்கும் வகைகள் பெருகும். 1965-ல் ஹரால்ட் லோவ் என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் ஆரோக்கியமான ஈறுள்ளவர்களைத் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளில் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் பழையபடி ஆனது.

அதே லோவ் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் கவனித்தார். சேலம், திருச்சி பக்கங்களிலிருந்தும் ஆட்கள் பிழைக்கப் போன தோட்டங்கள் அந்த நாட்டில் உண்டு. ஆய்வில் இருந்த தொழிலாளர்களுக்குப் பல் வைத்தியமும் இல்லை, முறையாகத் துலக்கும் வழக்கமும் இல்லை. எல்லோர் ஈறிலும் வீக்கம் இருந்தது. ஆனாலும் 8 சதவீதம் பேருக்கே நோய் வேகமாகப் பரவிப் பல் ஆட்டம் கண்டது. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக நகர்ந்தது. 11 சதவீதம் பேருக்கு ஈற்று வீக்கத்தைத் தாண்டவே இல்லை. அழுக்கு ஒன்றுதான் என்றாலும் உடம்புகள் வேறு. எனக்கு இந்த ஆய்வு மிக முக்கியமாகப் படுகிறது. நாம் அந்த 11 சதவீதத்தில் ஒருவரா என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது.

அதனால் பிரஷ்ஷோ வேப்பங்குச்சியோ, ஈறும் பல்லும் சேரும் ஓரத்தை நிதானமாகத் தேயுங்கள். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும். ராத்திரித் துலக்கலை விடாதீர்கள். கிருமியை அடியோடு கொல்லும் மருந்துத் தண்ணீரை மருத்துவர் சொல்லாமல் தினமும் கொப்பளிக்க வேண்டாம். ஒழுங்காகத் துலக்கியும் இரண்டு வாரத்துக்குமேல் ஈறில் ரத்தம் வந்தால், வலி இல்லாவிட்டாலும் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.