பசுவில் சினை அறிதல்

பசுவில் சினை அறிதல் என்பது இயற்கை முறையிலோ செயற்கை முறையிலோ கருவூட்டப்பட்ட பசு கருவுற்றுள்ளதா என்பதை உறுதி செய்வதாகும். இது சினைப் பரிசோதனை எனவும் அழைக்கப்படும். பசுவின் சினைக்காலம் சராசரியாக 280 நாட்கள் ஆகும். எருமையின் சினைக்காலம் ஏறத்தாழ 310 நாட்கள் ஆகும்.

முக்கியத்துவம்

சினையற்ற பசு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒரு பருவம் தவறினால் அடுத்த கன்று ஈனுதல் மூன்று வாரம் தள்ளிப்போகும். சினை என நம்பி வளர்க்கப்பட்ட பசு சினையற்றது எனப் பல மாதங்கள் கழித்துத் தெரியவந்தால், அதுவரை செய்த தீவனச் செலவு வீணாகிறது. மாறாக, சினைப்பசுவைச் சினையற்றது எனத் தவறாகக் கணித்து, பருவத்துக்கு வரவழைக்கும் புரோசுட்டாகிளாண்டின் ஊசியைச் செலுத்தினால் கரு கலைந்துவிடலாம்.

வெளிப்புற அறிகுறிகள்

கருவூட்டிய 18 முதல் 24 நாட்களுக்குள் பசு மீண்டும் பருவத்துக்கு வராதிருத்தல் முதல் அறிகுறியாகும். எனினும் இது உறுதியான சான்று அன்று. சூலகக் கோளாறு, கருப்பை அழற்சி, ஊட்டக்குறைவு ஆகியவற்றாலும் பருவம் தோன்றாதிருக்கலாம். வெளிப்படையான அறிகுறியற்ற ஊமைப் பருவம் கவனிக்கப்படாமலும் போகலாம். சினைப்பசுக்கள் சில பருவ அறிகுறிகளைக் காட்டுவதும் உண்டு.

ஐந்தாறு மாதங்களுக்குப் பின்னர் வயிற்றின் வலப்புறம் பெருக்கும். கன்றின் அசைவும் தென்படலாம். இடப்புறத்தில் அசையூண் வயிறு இடம்பெற்றிருப்பதே இதற்குக் காரணம்.

மலக்குடல்வழிச் சோதனை

இது பரவலாகப் பயன்படும் முறையாகும். கால்நடை மருத்துவர் நீண்ட கையுறை அணிந்து, மலக்குடலுக்குள் கையைச் செலுத்தி, அதன் அடியில் உள்ள கருப்பையைத் தொட்டு உணர்கிறார்.

* 35–45 நாட்கள்: கருப்பைக் கொம்புகளுள் ஒன்று சற்றுப் பருத்து, நீர் நிறைந்தது போல் இருக்கும். இதனை அறிய மிகுந்த பயிற்சி தேவை.
* 60 நாட்கள்: இரு கொம்புகளின் அளவு வேறுபாடு தெளிவாகத் தெரியும்.
* 90 நாட்கள்: கருப்பை வயிற்றறைக்குள் இறங்கத் தொடங்கும்.
* 120 நாட்கள்: நஞ்சுக்கொடி கருப்பையுடன் இணையும் முடிச்சுகளையும், கருப்பைத் தமனியில் எழும் தனித்த அதிர்வையும் உணரலாம்.

சீழ் கோத்த கருப்பையும் பருத்திருக்கும். எனவே அளவை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. சவ்வு, முடிச்சு, கரு ஆகியவற்றுள் ஒன்றையேனும் உணர்ந்தால்தான் சினை உறுதியாகும்.

பிற முறைகள்

* மீயொலிச் சோதனை (ஸ்கேன்): ஏறத்தாழ 28 நாட்களிலிருந்து கருவையும் அதன் இதயத்துடிப்பையும் காணலாம்.
* பால் சோதனை: கருவூட்டிய 21–24 நாட்களில் பாலில் புரோசெசுட்டரோன் என்னும் இயக்குநீர் குறைந்திருந்தால் பசு சினையற்றது எனலாம். மிகுந்திருந்தால் சினையாக இருக்கக்கூடும்; ஆனால் அது உறுதியன்று.
* குருதிச் சோதனை: நஞ்சுக்கொடி சுரக்கும் குறிப்பிட்ட புரதங்கள் ஏறத்தாழ 28 நாட்களிலிருந்து கண்டறியப்படுகின்றன.
* விதை முளைப்புச் சோதனை: நீர் கலந்த கோமியத்தில் கோதுமை விதைகளை ஊறவைத்து முளைப்புத் திறனைப் பார்ப்பது. சினைப்பசுவின் கோமியம் முளைப்பைக் குறைக்கும் என்பது இதன் அடிப்படை. முடிவுகள் வேறுபடுவதால் இது மருத்துவச் சோதனைக்கு மாற்றாகாது.

மறு சோதனை

தொடக்க வாரங்களில் கரு இறந்துபோவதும் உண்டு. ஆகையால் முன்னதாகவே சினை என அறியப்பட்ட பசுவை 60 நாட்களுக்குப் பின் மீண்டும் சோதிப்பர். கருவூட்டிய நாளைக் குறித்து வைத்தால் சினையின் வயதையும் ஈனும் நாளையும் கணிக்கலாம். ஈனுவதற்கு ஏறத்தாழ 60 நாட்களுக்கு முன்பு பால் வற்றச் செய்வதற்கும் இக்கணிப்பே அடிப்படையாகும்.