செயினை அளந்து பாருங்கள்!

பழைய ரேஸ் சைக்கிள் வாங்கியிருக்கிறீர்களா? ஓர் அடிக்கோலை எடுங்கள். விற்றவர் சொல்லாததை அது சொல்லிவிடும்!

புதுச் செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடைவெளி அரை அங்குலம். அப்படி 24 இடைவெளி சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். ஓட்ட ஓட்ட ஆணி தேயும், செயின் நீளும்.

செயினை இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள். 1/16 அங்குலம் கூடியிருக்கிறதா? உடனே செயினை மட்டும் மாற்றுங்கள். சிறு செலவோடு போகும்.

1/8 அங்குலம் கூடும்வரை விட்டால், பின்சக்கரத்துப் பற்களும் தேய்ந்துவிடும். அப்புறம் புதுச் செயின் போட்டாலும் நழுவும். அழுத்தி மிதிக்கும்போது நழுவினால் ஆளையே தள்ளிவிடும்! பல்சக்கரங்களையும் சேர்த்து வாங்க வேண்டியதுதான்.

கடைக்குப் போகுமுன் பின்னால் எத்தனை பல்சக்கரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணிக்கைக்கு ஏற்ற செயின்தான் பொருந்தும்.