ஏலக்காய்க் கூடத்துக் காற்றை அளப்பது எப்படி?

பொடியோடு எழும் வித்துகள்

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கூடங்களில் காய் பொறுக்கும் பெண்கள் பெரும்பாலும் தரையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். சல்லடை ஆட ஆட, காம்பும் தோல் துணுக்கும் பொடியாகக் கிளம்பி முகத்துக்கு வரும். மலையில் ‘ஸ்டோர்’ எனும் உலர்த்தும் கூடத்தில் சரியாக உலராத காய், மழைக்காலத்து ஈரத்தோடு மூட்டைக்குள் போயிருந்தால் அந்தப் பொடியில் பூஞ்சை வித்துகளும் கலந்திருக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் சில வகைகளுக்கு வித்து 2, 3 மைக்ரான்தான். மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை போய்விடும்.

ஆறு தட்டுக் கருவி

ஊட்டக்கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டை அரை மணி நேரம் திறந்து வைப்பது மலிவான முறை. ஆனால் தானாக விழும் கனமான துகள்களே அதில் அதிகம் சிக்கும். நமக்கு வேண்டியதோ மிதக்கும் நுண்துகள்.

அதற்காக 1958இல் ஆண்டர்சன் என்பவர் வடிவமைத்த கருவி நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை உறிஞ்சும். அடுக்கிய ஆறு தட்டுகளில் பெரிய துகள் மேலேயும் சிறியது கீழேயும் ஒட்டும். மூக்கில் நிற்பது எது, நுரையீரலுக்குப் போவது எது என்று பிரித்துச் சொல்லிவிடும். பத்து நிமிடம் ஓட்டி, சில நாள் வளரவிட்டு, மொத்தம் 85 பூஞ்சைப் புள்ளிகள் முளைத்தால் கனமீட்டர் காற்றுக்குச் சுமார் 300 என்று கணக்கு.

கருவியை ஆள் உயரத்துக்கு நிறுத்துவது வழக்கம். இங்கே அது போதாது, உட்கார்ந்தவர் மூக்கு மட்டத்தில் வைக்க வேண்டும். அதே வேளையில் வெளிக்காற்றையும் எடுத்தால்தான் கூடத்தின் பங்கு எவ்வளவு என்று தெரியும்.

எண் மட்டும் போதாது

கல்கத்தாச் சிறைகளில் காற்றை ஆராய்ந்து 1873இல் அறிக்கை வெளியிட்ட ஆய்வாளர் கன்னிங்காம், வித்துகளின் அளவுக்கும் கைதிகளின் நோய்க்கும் நேரடித் தொடர்பைக் காணவில்லை. 2009இல் வந்த இந்தியக் காற்றுத் தர அளவீட்டுப் பட்டியலில் 12 மாசுகள் உண்டு, பூஞ்சை கிடையாது. உலக சுகாதார நிறுவனமும் அதற்குப் பாதுகாப்பான எண் எதையும் வகுக்காமல், ஈரத்தைத் தடுக்கத்தான் சொல்கிறது. ஆகவே அளவீட்டு முடிவுக்காகக் காத்திராமல் காயை நன்றாக உலர்த்துவதும், சல்லடைப் பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவதும் முதல் வேலை. முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்வது பெரிதாக உதவாது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 முகக்கவசம் தேவை.

எப்போது மருத்துவரிடம்?

வேலை முடிந்த சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்கல். லீவு நாளில் குறைவு. இப்படி இருந்தால் மருத்துவரிடம் ‘ஏலக்காய்த் தூசியில் வேலை’ என்று சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைத் தூசி அலர்ஜி என்று ஒதுக்காமல் சளியையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனை இலவசம்.