உம்மாவுக்குச் சலாம் கேட்கவில்லையா?



கதிரையில் அமர்ந்து, கட்டாரில் இருக்கும் மகனோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்கிறார் உம்மா. இரண்டு காதிலும் கருவி. அந்நேரம் பக்கத்து வீட்டு மாமி வாசலில் நின்று சலாம் சொல்கிறார். பதில் இல்லை. சற்று உரத்துச் சொல்கிறார். உம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமி மனத்தாங்கலோடு போய்விடுகிறார். மருமகளோ, "இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கினது, அதற்குள்ளே பழுதாகிட்டுதே" என்று கவலைப்படுகிறார். இப்படி நாலைந்து தடவை நடந்தால் போதும், கருவி அலுமாரிக்குள் போய்விடும். பிறகு மகனோடு பேசுவதும் குறைந்துவிடும்.

உண்மையில் உம்மாவும் பிழை செய்யவில்லை, கருவியும் பழுதாகவில்லை. அழைப்பு வந்ததும் அந்தக் கருவி வீட்டுச் சத்தத்துக்குத் தன் வாசலை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். அது அப்படி மூடும் என்பதையோ, எவ்வளவு மூட வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்பதையோ அந்த வீட்டில் யாருக்கும் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

காதுக்குப் பின்னால் அணியும் கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் மேல் விளிம்பில் ஊசித் துளை போல ஒன்றோ இரண்டோ துளைகள் தெரியும். அவைதான் ஒலிவாங்கியின் வாய். வீட்டில் எழும் சத்தமெல்லாம் அந்த வழியால் நுழைந்து, கூட்டப்பட்டு, காதுக்குள் போகிறது. புதிய கருவிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. புளூடூத் மூலம் கைப்பேசியின் சத்தம் ஒலிவாங்கியைத் தொடாமல் நேரே கருவிக்குள் வந்துவிடும். ஐபோனோடு இப்படி நேரடியாக இணையும் கருவிகள் 2014இல் விற்பனைக்கு வந்தன. அண்ட்ரோய்ட் கைப்பேசிகளில் 2019இல், பத்தாம் பதிப்போடு இதற்கான ஏற்பாடு வந்தது. ஆயினும் எல்லா அண்ட்ரோய்ட் கைப்பேசிகளும் எல்லாக் கருவிகளோடும் இணைவதில்லை. உம்மாவுக்குப் புதுக் கைப்பேசி வாங்க முன்னர் கருவியைக் கையோடு கொண்டுபோய் இணைத்துப் பார்ப்பதே புத்தி.

இரண்டு வழியாலும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தால் என்ன நடக்கும்? மகனின் பேச்சோடு மின்விசிறியின் இரைச்சலும் குசினிக் கிரைண்டரின் சத்தமும் கலந்துவிடும். செவிப்புலன் குறைந்தவருக்கு மிகவும் கஷ்டமான காரியம் இரைச்சலுக்குள்ளிருந்து பேச்சைப் பிரித்தெடுப்பதுதான். அதனால்தான் பல கருவிகள் அழைப்பு வந்தவுடன் ஒலிவாங்கியைத் தாமாகவே தாழ்த்திக் கொள்கின்றன. சில கருவிகள் கொஞ்சம் தாழ்த்தும். சில முற்றாக மூடிவிடும்.

இது புதிய சங்கதியும் அல்ல. பழைய கருவிகளில் எம், ரீ, எம்ரீ என்று மூன்று நிலைகள் கொண்ட ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். எம் என்பது ஒலிவாங்கி. ரீ என்பது தொலைபேசிக்கான கம்பிச் சுருள். அது தொலைபேசியின் காந்தப் புலத்தைப் பிடித்துச் சத்தமாக்கும். எம்ரீ என்றால் இரண்டும் சேர்ந்தது. ரீயில் வைத்துப் பேசிவிட்டு எம்முக்குத் திருப்ப மறந்தால் வீட்டில் ஒரு சத்தமும் கேட்காது. கருவி செத்துவிட்டது என்று எண்ணித் திருத்தக் கொண்டுபோகிறவர்கள் அன்றும் இருந்தார்கள். இன்று சுவிட்ச் இல்லை, அதன் வேலையைக் கருவியே செய்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் குழப்பம் கூடிவிட்டது.

சரி, எவ்வளவு மூடுவது நல்லது? வீட்டில் இருக்கும் பெரியவருக்கு முற்றாக மூடுவது எனக்கு உடன்பாடில்லை. அடுப்பில் பால் பொங்குவது, கிணற்றடியில் பிள்ளை அழுவது, வாசலில் ஒருவர் கூப்பிடுவது எல்லாம் கொஞ்சமாவது காதில் விழ வேண்டும். பாதியளவு தாழ்த்தினால் மகனின் பேச்சு முன்னுக்கு நிற்கும், வீட்டுச் சத்தம் பின்னுக்கு நிற்கும். கல்யாண வீடு, பஸ் நிலையம் போன்ற இடங்களில் இருந்துகொண்டே பேச வேண்டுமென்றால் முற்றாக மூடலாம். ஆனால் அப்போது நடக்கவோ பாதையைக் கடக்கவோ கூடாது.

இதை மாற்றும் இடங்கள் மூன்று. முதலாவது, கருவியைப் பொருத்தித் தந்த செவிப்புலன் நிபுணரின் கணினி. அழைப்பு வரும்போது ஒலிவாங்கி எந்த அளவுக்குத் தாழ வேண்டும் என்று அங்கேதான் அடிப்படையாகப் பதிகிறார்கள். எனவே அடுத்த முறை போகும்போது, "கேட்குதில்ல" என்று மட்டும் சொல்லாமல், "போன் பேசும்போது வீட்டில் கூப்பிடுவது கேட்குதில்ல" என்றோ, "போன் பேசும்போது விசிறிச் சத்தம் குழப்புது" என்றோ பிரித்துச் சொல்லுங்கள். இவை ஒன்றுக்கொன்று எதிரான முறைப்பாடுகள். இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை. இரண்டாவது, கருவிக் கம்பனி தரும் கைப்பேசிச் செயலி. பலவற்றில் ஒரு கோடு இருக்கும். ஒரு பக்கம் இழுத்தால் கைப்பேசிச் சத்தம் கூடும், மறுபக்கம் இழுத்தால் சுற்றுப்புறம் கூடும். மூன்றாவது, சில கருவிகளில் உள்ள பொத்தான். வயோதிபர்களுக்கு இதுவே இலகு. லீவில் வரும் மகன் தனக்குச் சரியென்று பட்டவாறு எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு விமானம் ஏறிவிடுவதும் நடக்கிறது. வீட்டில் உம்மாவோடு இருக்கும் மருமகளுக்கோ பேத்திக்கோ அந்தச் செயலியைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

ஒலிவாங்கியை முற்றாக மூடிய பிறகும் சிலருக்கு வெளிச்சத்தம் கேட்கும். காதுக்குள் போகும் முனையில் துளையுள்ள மென்மையான குமிழ் இருந்தால், வெளிச்சத்தம் கருவியின் உதவியின்றியே அதன் வழியாக உள்ளே போகும். கருவி சொன்னதைக் கேட்கவில்லை என்று கோபிக்க வேண்டாம். அமைதியான அறைக்குப் போய்ப் பேசுவதுதான் அதற்கு வழி.

மகனின் பேச்சு உம்மாவுக்குக் கேட்பது ஒரு பாதி. உம்மாவின் பேச்சு மகனுக்குப் போவது மறுபாதி. இதில்தான் அநேக வீடுகளில் கூச்சல். பல கருவிகளில், சத்தம் காதுக்கு நேரே வந்தாலும், உம்மாவின் குரலை எடுப்பது கைப்பேசியின் ஒலிவாங்கிதான். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனால் உம்மாவுக்கு மகன் தெளிவாகக் கேட்பார், மகனோ "உம்மா, கேக்குதில்ல" என்று கத்திக்கொண்டிருப்பார். இவ்வகையினர் கைப்பேசியைக் கையில் வாய்க்கு முன்னால் பிடித்துப் பேச வேண்டும். வேறு சில கருவிகளில் காதிலுள்ள ஒலிவாங்கியே குரலையும் எடுத்து அனுப்பும். அவற்றுக்குக் கைப்பேசி அடுத்த மேசையில் கிடந்தாலும் பரவாயில்லை. ஆனால் பக்கத்தில் ஓடும் தொலைக்காட்சியும் மகனுக்குப் போகும். கழுத்தில் தொங்கவிடும் அல்லது சட்டையில் கவ்வும் சிறு பெட்டி இருந்தால், குரலை எடுப்பது அந்தப் பெட்டி. அதை ஹிஜாபுக்கு உள்ளே வைத்தால் துணி உரசும் சத்தம்தான் மறுமுனைக்குப் போகும்.

ஹிஜாபைப் பற்றி இன்னொரு விடயமும் உண்டு. கைப்பேசியை ஹிஜாபுக்குள் செருகிக்கொண்டு வேலை செய்வது எமது பெண்களுக்குக் கைவந்த பழக்கம். கருவி போட்டவர் அப்படிச் செய்தால் கைப்பேசி கருவியை அழுத்தும், ஊய் என்று விசில் அடிக்கும். தடித்த துணி துளைகளின் மேல் படிந்தாலும் சத்தம் மங்கும், நடக்க நடக்க உரசும். வீட்டுக்குள் இருக்கும்போது அந்த இடத்தில் மெல்லிய துணி, அதுவும் சற்றுத் தளர்வாக இருந்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

புளூடூத் இல்லாத கருவி வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வீட்டுத் தொலைபேசியோ சாதாரணக் கைப்பேசியோ, அதைக் காதுத் துவாரத்தில் வைத்துக் கேட்பதுதான் எல்லோரும் விடும் தவறு. காதுக்குப் பின்னால் அணியும் கருவியின் ஒலிவாங்கி காதின் மேல் விளிம்பில் அல்லவா இருக்கிறது? கைப்பேசியின் கேட்கும் முனையை ஓர் அங்குலம் அளவுக்கு மேலே உயர்த்தி, காதோடு ஒட்டாமல் சிறிது விலக்கிப் பிடியுங்கள். விசிலும் குறையும், பேச்சும் தெளியும்.

பேரப்பிள்ளைகள் விடயத்துக்கு வருவோம். மூத்தம்மாவின் கைப்பேசியை எடுத்துப் பிள்ளை விளையாட்டோ கார்ட்டூனோ போட்டால், அந்தச் சத்தம் முழுவதும் மூத்தம்மாவின் காதுக்குள் போகும், வீட்டுச் சத்தமும் தாழ்ந்துவிடும். பிள்ளைக்குச் சத்தம் வராது, அதனால் இன்னும் கூட்டும். பாவம், மூத்தம்மா தலையைப் பிடித்துக்கொண்டிருப்பார். வாட்ஸ்அப் செய்தி வரும் ஒவ்வொரு டிங் சத்தத்துக்கும் வீட்டுச் சத்தம் ஒரு கணம் மங்கும் கருவிகளும் உண்டு. ஐபோனில் செவிப்புலன் கருவிகளுக்கான அமைப்பில், அழைப்பின் சத்தம் எங்கே போக வேண்டும், பாட்டு, வீடியோ போன்றவற்றின் சத்தம் எங்கே போக வேண்டும் என்று தனித்தனியே தெரிவு செய்யலாம். அழைப்பு மட்டும் காதுக்கு, மற்றவை கைப்பேசியின் ஒலிபெருக்கிக்கு என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். அண்ட்ரோய்டிலும் புளூடூத் பக்கத்தில் இணைந்த கருவியின் பெயரைத் தொட்டால் பெரும்பாலும் இவ்வாறான தெரிவு இருக்கும். தேவையற்ற அறிவிப்புச் சத்தங்களை நிறுத்திவிடுவது அதைவிட இலகு.

கிராஅத்தோ பயானோ மணிக்கணக்கில் காதுக்குள் ஓடவிட்டுச் சமைப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் அழைப்பு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், பயான் ஒரு மணித்தியாலம் போகும். அவ்வளவு நேரமும் அடுப்பும் பிள்ளையும் உள்ள வீட்டுக்குக் காதை மூடி வைத்திருப்பது சரியல்ல. பயானுக்கு ஒலிவாங்கியைத் திறந்தே வையுங்கள். ஒரு சொல் தவறினாலும் திரும்பக் கேட்கலாம். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கருவிக்கு நேரே அனுப்பும் பெட்டி வைத்திருப்போருக்கு மட்டும் நிலைமை வேறு. அறையில் ஒலிக்கும் சத்தமும் நேரே வரும் சத்தமும் ஒரே கணத்தில் வந்து சேராவிட்டால் எதிரொலி போலக் கேட்கும். அங்கே ஒலிவாங்கியைத் தாழ்த்துவதே நல்லது.

நேரடிச் சத்தம் ஓடும்போது கருவியின் மின்சாரம் வேகமாகக் கரையும். நீண்ட நேரம் பேசுபவர்கள் மாற்றுப் பற்றறியைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். சாதாரணத் தொலைபேசி இணைப்பு நீண்ட காலமாக 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான சத்தத்தையே கடத்தி வந்தது. ஸ, ஃப போன்ற மெல்லிய எழுத்துகளின் கூர்மை அதில் அடிபட்டுப் போகும். கருவியை எவ்வளவு கூட்டினாலும் வராத சத்தத்தைக் கொண்டுவர முடியாது. இணைய அழைப்புகளில் இதைவிட அகலமான சத்தம் வரும், வீடியோவில் உதடும் தெரியும். உம்மாவோடு பேசும் மகன்மார் முகத்துக்கு வெளிச்சம் படும்படி இருந்து பேசினால் பாதி வேலை முடிந்துவிடும்.

கருவியைச் சரிசெய்த அன்றே வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒருவர் அடுத்த அறையிலிருந்து உம்மாவுக்கு அழைப்பு எடுத்துச் சாதாரணமாகப் பேசட்டும். இன்னொருவர் உம்மாவுக்குப் பின்னால் ஐந்தாறு அடி தள்ளி நின்று, மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, உரக்காமல் சலாம் சொல்லட்டும். உம்மா திரும்பாவிட்டால் சுற்றுப்புறத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். அழைப்பில் பேசியதைத் திருப்பிச் சொல்ல முடியாமல் தடுமாறினால் கொஞ்சம் குறையுங்கள். மூன்று நான்கு முறையில் பொருத்தமான இடம் பிடிபடும். அந்த அளவைச் செயலியில் சேமிக்க வசதி இருந்தால் சேமித்து வையுங்கள். பிறகு பக்கத்து வீட்டு மாமியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: உம்மா கையில் கைப்பேசி இருந்தால் பின்னாலிருந்து கூப்பிடாமல், முன்னால் வந்து முகம் காட்டிச் சலாம் சொல்லும்படி.